பத்தாம் வகுப்பு அறிவியலைக் கலந்து நடத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செங்கம் டீச்சர்:

அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பு அறிவியல் முழுக்க என் பொறுப்பு. புத்தகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1 முதல் 6 வரை இயற்பியல், 7 முதல் 11 வரை வேதியியல், அப்புறம் 22 வரை உயிரியல். அட்டை ஒன்று, உள்ளே மூன்று புத்தகம். இந்த வருடம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டேன். மின்னோட்டவியல் முடித்த கையோடு நரம்பு மண்டலம், கரைசல்கள் முடிந்ததும் தாவரங்களில் கடத்துதல், இப்படி.

நரம்புத் தூண்டல் நடத்தும்போது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நரம்புல போறதும் கரண்டுதானே, அப்ப ஓம் விதி அதுக்கும் வருமா?" என்றாள். கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் போக்கிலேயே நகர்கின்றன, நரம்பில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் சவ்வின் குறுக்கே உள்ளும் வெளியும் போகின்றன, அந்த மாற்றம்தான் அடுத்தடுத்த இடத்துக்குப் பரவிக்கொண்டே போகிறது என்று பலகையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். அவள் விடவில்லை. "அப்ப பேட்டரி எங்க இருக்கு டீச்சர்?" சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது, அந்த வித்தியாசத்தை ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து செல்லே காப்பாற்றுகிறது என்று சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

காலாண்டுக்கு எந்தெந்த அலகு என்ற பட்டியல் மேலிருந்துதான் வரும். வெப்ப இயற்பியல் அதில் இருந்தது, நாங்கள் இன்னும் தொடவில்லை. பட்டியலில் இல்லாத நரம்பு மண்டலத்தை முழுசாக முடித்திருந்தோம். தேர்வறையில் மேற்பார்வைக்கு நான்தான். அவள் வெப்பக் கணக்கை முழுதாகப் படித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, சும்மா பார்த்தாள். அந்த மதிப்பெண் பட்டியலில் அவள் கேட்ட கேள்விக்கு எங்கே இடம்? வேறு யாராவது இப்படி நடத்தினீர்களா, பொதுத் தேர்வை எப்படிச் சமாளித்தீர்கள்?

மேட்ரிக் சார்:

எங்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு மூன்று பேர். நான் இயற்பியல், வேதியியலுக்கு ஒரு மிஸ், உயிரியலுக்கு ஒரு மிஸ். பிள்ளைகளிடம் மூன்று நோட்டு. ஒருநாள் ஆற்றல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், முதல் ரேங்க் எடுக்கும் பையன் ரொம்ப அக்கறையாகக் கேட்டான், "சார், பயாலஜில வர்ற ஆற்றலுக்கும் ஜூல்தான் அலகா, இல்ல அது வேறயா?" இரண்டு வருடமாக இரண்டு நோட்டிலும் ஒரே வார்த்தையை எழுதியிருக்கிறான்! அவை ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டோம். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம், முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஏறக்குறைய 2800 கிலோஜூல், அப்படியானால் ஒரு கிராமுக்கு 15.5 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல். 50 கிலோ எடையுள்ள பையன் 3 மீட்டர் உயர மாடி ஏற 1470 ஜூல். உடம்பு வெப்பமாகவே பெரும்பகுதியை விட்டுவிடும் என்பதால் விடை அவ்வளவு நேராக வராது, ஆனால் மோல், சுவாசித்தல், வேலை மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தன. அடுத்த நாள் பக்கத்து வகுப்பு மிஸ் வந்து, "என் போர்ஷனை நீங்க ஏன் எடுக்கறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அது இன்னும் மனசில் இருக்கிறது.

கணக்கு வாத்தியார்:

என் அனுபவம் சின்னது. ஒன்பதாம் வகுப்பில் கனஅளவு முடித்த அன்று எல்லோரும் சரியாகப் போட்டார்கள், பத்து நாள் கழித்து வேறு பாடங்களோடு சேர்த்து அதே கணக்கைக் கொடுத்தால் "சார் இதுக்கு எந்த ஃபார்முலா?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேட்ரிக் சார் செய்தது இணைப்பு, ஆற்றல் என்ற ஒரே கருத்தை மூன்று பாடத்திலும் பார்ப்பது. கலப்பு என்பது வேறு, பயிற்சியில் வெவ்வேறு வகைக் கணக்குகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது. முதலாவதுக்குப் பாடத்திட்டமே மாற வேண்டும். இரண்டாவதுக்கு வீட்டுப்பாடத் தாள் மட்டும் மாறினால் போதும்.

2007-ல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் கற்பித்துப் பார்த்தார்கள். வகை வகையாகப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20, கலந்து செய்தவர்கள் 63. கல்லூரி இயற்பியலில் வீட்டுப்பாடத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்து 2021-ல் வந்த ஆய்விலும் கலந்தவர்கள்தான் முன்னே. ஆனால் அந்த மாணவர்களே கலந்து செய்வது கஷ்டம், குறைவாகத்தான் கற்றோம் என்று நினைத்தார்கள். இதை டீச்சர் கட்டாயம் கவனிக்க வேண்டும், பிள்ளைகளும் பெற்றோரும் முதல் மாதம் புலம்புவார்கள், அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

ஆகவே அலகு வரிசையைத் தொடாதீர்கள். காலாண்டுப் பட்டியல்படியே நடத்துங்கள், ஆனால் தினமும் பத்துக் கேள்வி கொடுத்தால் நான்கு இன்றைய பாடம், மூன்று போன வாரம், மூன்று இரண்டு மாதம் முந்தையது. கேள்விக்கு மேல் பாடத்தின் பெயரைப் போடாதீர்கள். ஓம் விதியா, ஸ்நெல் விதியா, மோல் கணக்கா என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சியே. புக் பேக் வினாக்கள் அந்தந்தப் பாடத்தின் கடைசியிலேயே இருப்பதால் அந்த வேலை பிள்ளைக்கு வாய்ப்பதே இல்லை.

வன்னி ரீச்சர்:

இலங்கையில் நிலைமை வேறு என்பதால் எழுதுகிறேன். எங்கட தரம் 10 விஞ்ஞானப் புத்தகமே கலந்துதான் இருக்கு. உயிரின் இரசாயன அடிப்படை, அடுத்தது நேர்கோட்டு இயக்கம், பிறகு சடப்பொருளின் கட்டமைப்பு, பிறகு நியூற்றனின் விதிகள், உராய்வு, அதுக்குப் பிறகு கலங்கள். விசை ஒருதரம் வந்து முடிஞ்சு போறதில்லை, விளையுள் விசை, திரும்பல் விளைவு, சமநிலை, அமுக்கம் என்று ஆண்டு முழுக்க இடையிடையே வரும். தரம் 11 முடிவில வாற சாதாரண தரப் பரீட்சையிலும் விஞ்ஞானம் ஒரே பாடம். கணக்கு வாத்தியார் வரிசையைத் தொடாதீர்கள் என்று சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வரிசையே கலந்திருந்தால் பிள்ளை பழசைத் தேடிப் போக வேண்டித்தான் வரும், வீட்டுப்பாடத்தால் மட்டும் அது வராது.

அமுக்கம் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டவள், "ரீச்சர், கிளினிக்கிலை அம்மம்மாவுக்குப் பிறசர் பார்க்கேக்கை கையை நெஞ்சுக்கு நேரா வைக்கச் சொல்லுறவை, அது இதாலையோ?" இதாலைதான். கை 10 சென்ரிமீற்றர் கீழே இறங்கினால் வாசிப்பு ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் இரசம் (பாதரசம்) கூடும், குருதியும் திரவம்தானே. அடுத்த கிழமை அந்த அம்மம்மா கிளினிக்கில் தாதியிடம் கையை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறா. ஆனால் எல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டன். பாடசாலை மாறி இடையில வந்து சேரும் பிள்ளைக்கு ஒரு நூலும் பிடிபடாது, அவைக்குத் தனியாக இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு.

பாட்டனி டீச்சர்:

நான் தாவரவியல் படித்து பி.எட். முடித்தவள். ஒரே ஆள் எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்றால் லென்சும் சுற்றும் எனக்கும் புதிதுதான், அந்த பயத்தை இங்கே யாரும் பேசவில்லை. ஆனால் பயந்த பாடத்தில்தான் எனக்கு மறக்க முடியாதது நடந்தது. குவிலென்சின் குவியத் தூரம் மாறாது என்று எழுதிப்போட்டேன். ஒரு பையன், "கண்ணுல இருக்கறதும் குவிலென்ஸ்தானே டீச்சர், அப்ப புக்கையும் போர்டையும் ரெண்டையும் எப்படிப் பாக்கறேன்?" சிலியரித் தசை சுருங்கினால் லென்ஸ் தடித்துக் குவியத் தூரம் குறையும், கண்ணாடிக்குத் தசை கிடையாது என்று உடனே சொல்ல முடிந்தது, ஏனென்றால் அது என் பாடம். உயிரியல் படித்தவர்களுக்கு இந்த வாசல் இருக்கிறது, தைரியமாக நுழையலாம்.

வாத்தியார் சார், பெயர் போடாமல் பத்துக் கேள்வி என்கிறீர்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

தேர்ச்சி முக்கியம்:

கடைசியாக யாராவது இதைச் சொல்வார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தில் 75-க்கு 20 எடுக்க வேண்டும், செய்முறையோடு சேர்த்து 35. மெல்லக் கற்போருக்குக் கொஞ்சம் அலகுகளைத் தேர்ந்தெடுத்து, படமும் ஒரு மதிப்பெண்ணும் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அந்த 20-ஐ எட்ட வைக்கிறோம். போன திருப்புதல் தேர்வுக்கு முந்தின நாள், மாலையில் கடையில் வேலை செய்துவிட்டுப் படிக்கும் ஒரு பையன் வந்து, "சார், எந்தெந்தப் பாடம் மட்டும் படிச்சா போதும்?" என்றான். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான். கலந்து நடத்தினால் அந்தத் தாளில் என்ன எழுதுவது? கேள்வி கேட்கும் பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள்.

பாட்டனி டீச்சர்:

உங்கள் தாளை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கொடுக்கிறேன். அந்தக் கொஞ்சம் அலகுகளுக்குள்ளேயே கலந்து பாருங்கள். கண் படத்தையும் குவிலென்ஸ் கதிர்ப்படத்தையும் ஒரே நாளில் வரையச் சொல்லுங்கள், மறுநாள் நியூரான் படம், அதற்கு அடுத்த நாள் மறுபடி கண். படிக்க வராத பிள்ளைகள் படத்தில் பின்தங்குவதில்லை, என் வகுப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்களைப் பாடப் பெயர் இல்லாமல் கலந்து வைத்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன, தமிழ் வழிக்கு மட்டும். ஆங்கில வழிக்கு மேட்ரிக் சார் யாராவது போட்டுத் தந்தால் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். செங்கம் டீச்சர், அரையாண்டுப் பட்டியல் வந்தவுடன் இங்கே போடுங்கள், எந்த அலகை எதோடு சேர்க்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.