கடலைப் புண்ணாக்குக்குப் பதில் யூரியா போடலாமா?

மன்னை மாட்டுக்காரன்:
வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். ஜெர்சி கலப்பின மாடு இரண்டு வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றும் நாளுக்கு 11 லிட்டர் வரை கறக்கிறது. ஒரு மாட்டுக்கு வைக்கோல் தின்கிற வரைக்கும், வேலிமசால் பசுந்தீவனம் கொஞ்சம், தவிடு 1 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ. புண்ணாக்கு விற்கிற விலையில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. தெரிந்தவர் ஒருவர் தவிட்டில் ஒரு கை யூரியா கலந்தால் புண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம், மாட்டு வயிறே அதைப் புரதமாக்கிவிடும் என்கிறார். உரம் எப்படிப் புரதமாகும்? சாணி வேறு இளகலாகப் போகிறது, பாலில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

கோபி விவசாயி:
ஒரு கை என்று சொன்னவரை முதலில் தொழுவத்துப் பக்கம் விடாதீர்கள். எங்கள் ஊரில் உரம் கரைத்த தண்ணீரைக் குடித்த மாடு, டாக்டர் வருவதற்குள் வயிறு உப்பி, நுரை தள்ளிச் செத்துப்போனது.

கால்நடை மருத்துவர்:
அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்தே. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் யூரியாவை அம்மோனியாவாக உடைத்து, அதிலிருந்து தங்கள் உடம்புப் புரதத்தைக் கட்டிக்கொள்ளும், அவை கீழே இறங்கிச் செரிக்கும்போது மாட்டுக்குப் புரதம் கிடைக்கும். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், நைட்ரஜனைப் புரதமாக மாற்றிக் கணக்கிடும் எண்ணான 6.25-ஆல் பெருக்கினால் 1 கிலோ யூரியா கணக்குப்படி 2.87 கிலோ புரதத்துக்குச் சமம். ஆனால் அப்படிக் கட்டுவதற்கு அதே நேரத்தில் மாவுச்சத்து வேண்டும். அது இல்லையென்றால் செங்கல் லாரி வந்து இறங்கிவிட்டது, கொத்தனாருக்குச் சோறில்லை என்ற கதைதான்: மிஞ்சிய அம்மோனியா ரத்தத்துக்குப் போகும், ஈரல் அதை மறுபடி யூரியாவாக்கிச் சிறுநீரிலும் பாலிலும் தள்ளும், ஈரலுக்கும் மிஞ்சினால் விஷம்.

உங்கள் மாட்டுக்குப் புரதம் ஏற்கெனவே ஏறக்குறைய போதும். குறைவது எரிசக்தி. கடலைப் புண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதி முதல் வயிற்றிலேயே சீக்கிரம் உடைந்துவிடும், கூட மாவுச்சத்து இல்லாததால் அதில் ஒரு பங்கு இப்போதே வீணாகிறது, எஸ்.என்.எஃப். குறைவுக்கும் எரிசக்திக் குறைவுதான் முதல் சந்தேகம். புண்ணாக்கை 1 கிலோவாகக் குறைத்து, உடைத்த மக்காச்சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 2 கிலோ வரை ஏற்றுங்கள், ஒரேயடியாகப் போட்டால் வயிறு புளிக்கும். அரைக் கிலோ பருத்திப் புண்ணாக்கு சேர்க்கலாம், அதன் புரதம் மெதுவாக உடையும். சாணி பிறகும் இறுகாவிட்டால் குடற்புழுவுக்குப் பாருங்கள்.

வைக்கோல் பட்டறை:
டாக்டர் சொல்வது சரி, ஆனால் யூரியாவே கூடாது என்றும் முடிவுகட்ட வேண்டாம். டெல்டாவில் மலிவாகக் கிடைப்பது வைக்கோல், அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50, 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட்டால் 7 சதவீதத்துக்கு மேல் போகும். அதைவிடப் பெரிய லாபம், நார் இளகுவதால் மாடு கூடுதலாகத் தின்னும், தின்றது செரிக்கவும் செய்யும். எடுத்ததும் போடாதீர்கள், நெடி போகக் காற்றாட விடுங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டவே வேண்டாம், அதற்கு முதல் வயிறு முழுசாக வேலைக்கு வந்திருக்காது.

மன்னை மாட்டுக்காரன்:
நன்றி டாக்டர், நன்றி அண்ணா. பதப்படுத்திய வைக்கோலோடு சோயா பருப்பைப் பச்சையாக அரைத்துப் போடலாமா? கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது.

கால்நடை மருத்துவர்:
கூடாது. பச்சைச் சோயாவில் யூரியாவை உடைக்கும் நொதி உண்டு, அம்மோனியா மொத்தமாகக் கிளம்பிவிடும். வறுத்ததோ சோயாப் புண்ணாக்கோ என்றால் பரவாயில்லை. இன்னொன்று, கலப்புத் தீவன மூட்டை வாங்கினால் அதில் யூரியா ஏற்கெனவே இருக்கக்கூடும். அடர்தீவனத்தில் (புண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) 1 சதவீதம்தான் உச்ச அளவு, அதற்குமேல் நீங்களும் சேர்க்காதீர்கள். யூரியா தின்ற மாடு நடுங்கினால், மூச்சிரைத்தால், காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள், குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் தயாராக இருக்கட்டும். வினிகரால் வயிற்றுப் புளிப்பு கூடினால் அம்மோனியா ரத்தத்துக்குப் போவது குறையும், ஆனால் ஊற்றும்போது புரையேறிவிடாமல் டாக்டரே குழாய் போட்டு ஊற்றுவதுதான் நல்லது.