எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு: ஆர் 3187-ஐத் தேடிய கதை

எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டதால் எழுதுகிறேன். இரண்டும் கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்கள். நாங்கள் மாற்றியது ஒரு கணக்கு மென்பொருளின் கோடை. 11 வருடக் கோட், 9,000 சொச்சம் கமிட் (பதிந்த மாற்றங்கள்). ஆட்கள் 6 பேர்தான்.

கிட்-எஸ்விஎன் என்ற மாற்றும் கருவியிடம் பழைய ரெப்போவின் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) முகவரியைக் கொடுத்தால் ஒவ்வொரு ரிவிஷனாக (எஸ்விஎன்னில் வரிசை எண் பெற்ற கமிட்) இழுத்து வரும். அதற்கு முன்னால் ஆத்தர்ஸ் ஃபைல் ஒன்று தயார் செய்ய வேண்டும். எஸ்விஎன்னில் கமிட் போட்டவருக்கு வெறும் யூசர்நேம்தான் இருக்கும், கிட்டுக்கோ பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். வரிக்கு ஒரு ஆள்: இந்தப் பக்கம் பழைய யூசர்நேம், நடுவில் சமக்குறி, அந்தப் பக்கம் முழுப்பெயரும் மின்னஞ்சலும். ஃபைலில் இல்லாத ஒருவரின் கமிட் வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். ராத்திரி ஓடவிட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால் ரிவிஷன் 2140-இல் நின்றிருந்தது. 'டெஸ்ட்2' என்று ஒரு யூசர். யாருக்கும் நினைவில்லை. வேலையை விட்டுப் போய் எட்டு வருடமான அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். "அது டெஸ்டிங் மெஷின்ப்பா, அவசரத்துக்கு யார் உட்கார்ந்தாலும் அதிலிருந்து போட்டுடுவோம்" என்றார். வேறு யார் பெயரிலும் அதை ஏற்ற மனம் வரவில்லை, டெஸ்ட்2 என்றே விட்டோம். முதலிலேயே எஸ்விஎன் லாக் (கமிட் பட்டியல்) முழுவதையும் எடுத்து யூசர்நேம்களைப் பிரித்து வைத்திருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இழுக்கும்போது ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் கிட்-எஸ்விஎன்-ஐடி என்று ஒரு நீள வரி சேரும். பழைய ரெப்போவின் முகவரியும் ரிவிஷன் எண்ணும் அதில் இருக்கும். அது வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆப்ஷன் உண்டு. பல வழிகாட்டிகள் அதைப் போடச் சொல்கின்றன, நாங்களும் போட்டோம். லாக் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் வட்டிக் கணக்கு ஃபைலைத் திறந்தேன். ரவுண்டிங் செய்யும் வரிக்கு மேலே ஒரு கமென்ட்: 'இதைத் தொடாதே, ஆர் 3187 பார்.' அதாவது எஸ்விஎன்னின் ரிவிஷன் 3187. எங்கே போய்ப் பார்ப்பது? கிட்டில் கமிட்டுக்கு 40 எழுத்து அடையாளம் (ஹாஷ்) தான், 3187 என்று எதுவும் இல்லை. கோடுக்குள் தேடினால் இதே மாதிரி 64 இடம். பக் டிராக்கரில் அதற்கும் மேல். பழைய சர்வருக்குப் போய் 3187-ஐ எடுத்தேன். பில்லில் 50 பைசா ஏன் இடித்தது, எந்த வரிசையில் ரவுண்ட் செய்தால் கணக்கு நேராகும் என்று ஆறு வரி எழுதி வைத்திருந்தார்கள். அதே ஆறு வரி புது ரெப்போவிலும் எங்கேயோ இருந்தது, அங்கே போகும் வழியைத்தான் நாங்கள் அழித்துவிட்டோம். அதைப் படிக்காமல் இருந்தால் அந்த ரவுண்டிங்கை நான் நிச்சயம் மாற்றியிருப்பேன்.

அன்று மதியமே எல்லாரிடமும் சொல்லிவிட்டு, அந்த கிட்-எஸ்விஎன்-ஐடி வரியோடு மறுபடி முதலிலிருந்து இழுத்தோம். இடையில் போட்ட மூன்று நாள் கமிட்களைப் பேட்ச்சாக (மாற்றங்கள் மட்டும் உள்ள ஃபைலாக) எடுத்து மேலே ஏற்றினோம். இப்போது லாகில் @3187 என்று தேடினால் கமிட் வந்து நிற்கிறது. பெரிய திட்டங்களும் இந்த எண்களை விடவில்லை. ஜிசிசி என்ற கம்பைலர் திட்டம் 2020 ஜனவரியில் கிட்டுக்கு வந்தபோது, பழைய கமிட்களின் அடியில் ஃப்ரம்-எஸ்விஎன் என்று எண்ணைப் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். 2019-இல் மாறிய எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் திட்டத்திலும் அப்படி ஒரு வரி உண்டு.

அப்புறம், காலி ஃபோல்டர்களைக் கிட் வைத்துக்கொள்ளாது. எங்கள் லாக்ஸ் ஃபோல்டர் காணாமல் போய், டெஸ்ட் சர்வரில் புரோகிராம் எழவே இல்லை.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன், எங்கள் குழுவும் எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு மாறியதுதான். நீங்கள் சொன்ன எண் விஷயத்தில் நாங்கள் தப்பித்தோம். எங்களுக்கு அடி விழுந்தது டேகில், அதாவது ஒரு வெளியீட்டுக்கு வைக்கும் அடையாளப் பெயரில். எஸ்விஎன்னில் டேக் என்பது ஒரு ஃபோல்டரின் நகல்தான், அதற்குள்ளும் கமிட் போடலாம். கிட்-எஸ்விஎன் அவற்றை ரிமோட் பிராஞ்சாகத்தான் (தனிக் கிளையாக) கொண்டுவரும், நாம்தான் நிஜ டேக் ஆக்க வேண்டும். நான் அந்தந்தத் தேதியில் டிரங்கில் (முக்கியக் கிளையில்) இருந்த கமிட்டுக்கே டேக் வைத்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் ஓடும் 2.4 வெளியீட்டை மறுபடி பில்ட் செய்தபோது பில் அச்சாகும் அளவு மாறி வந்தது. டேக் போட்ட பிறகு அதற்குள்ளேயே ஒருவர் இரண்டு ஃபைலைத் திருத்தியிருக்கிறார்.

பிறகு ஒவ்வொரு டேகையும் எஸ்விஎன்னிலிருந்து எக்ஸ்போர்ட் எடுத்து, கிட்டிலிருந்து செக்அவுட் எடுத்து, இரண்டையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். 31 டேக், இரண்டு நாள். மூன்று டேக் ஒத்துப்போகவில்லை, மூன்றையும் சரியான பிராஞ்ச் நுனிக்கு நகர்த்தினேன். பழைய சர்வரை இன்னும் நிறுத்தவில்லை. ப்ரீ-கமிட் ஹுக் (கமிட் ஏறும் முன் ஓடும் ஸ்கிரிப்ட்) போட்டுக் கமிட்டை மட்டும் தடுத்து, படிக்கத் திறந்து வைத்திருக்கிறோம்.

உங்கள் லாக்ஸ் ஃபோல்டருக்கு ஒரு வழி இருக்கிறது. காலி ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலைத் தானே போட்டு வைக்கும் ஆப்ஷன் கிட்-எஸ்விஎன் குளோனிலேயே உண்டு. அடுத்த ரெப்போவை இழுக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.