சர்க்கரை சேர்க்காத புளிப்பு மிட்டாய்: எத்தனை சாப்பிடலாம்?

தேவகோட்டைக்காரன்:
வணக்கம். பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு உள்ள எங்கள் ஆத்தாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து வந்த என் தங்கை, எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் கலந்த, சர்க்கரை சேர்க்காத மிட்டாய் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தாள். முகப்பில் உட்கார்ந்து முதல் மிட்டாயை வாயில் போட்ட ஆத்தா, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "களாக்காய் கடித்த மாதிரி இருக்கு" என்றார்கள். சர்க்கரைதான் இல்லையே என்ற தைரியத்தில் சாயங்காலத்துக்குள் ஒன்பது மிட்டாய்கள் தீர்ந்துபோக, இரவெல்லாம் வயிற்றுப் பொருமலும் பேதியுமாக இருந்தது. மிட்டாய்தான் காரணமா? இரத்தச் சர்க்கரையையும் இது கூட்டுமா?

பாகுப்பதம்:
மிட்டாய் தயாரிக்கும் இடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இத்தகைய மிட்டாய்களில் சர்க்கரைக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஐசோமால்ட் அல்லது மால்டிட்டால் இருக்கும். இவை சிறுகுடலில் முழுமையாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று, அங்கே நீரை இழுப்பதாலும், நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவை உண்டாக்குவதாலும்தான் பொருமலும் பேதியும் வருகின்றன. ஆகவே ஒன்பது மிட்டாய் என்பதே உங்கள் முதல் கேள்விக்கு விடை. ஐசோமால்ட்டின் இனிப்பு சர்க்கரையில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், குறையை ஈடுகட்டச் சுக்ரலோஸ் போன்றதைத் துளியளவு சேர்ப்பார்கள். இரத்தச் சர்க்கரையை ஐசோமால்ட் மிகக் குறைவாகவும், மால்டிட்டால் அதைவிடக் கூடுதலாகவும் ஏற்றும். உறையில் எதன் பெயர் முதலில் இருக்கிறது என்று பாருங்கள், அண்ணன்.

வீட்டில் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால், சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து மிட்டாய் பிசுபிசுத்துவிடும். ஐசோமால்ட் புளிப்புக்கு அப்படி இளகாது, ஈரக்காற்றையும் எளிதில் உறிஞ்சாது. அதனால்தான் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கலகலவென்று கிடக்கிறது.

பள்ளத்தூர் மருமகள்:
நானும் இதே வகை மிட்டாயை விரும்பிச் சாப்பிடுகிறவள்தான். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலப் புளிப்பு சுள்ளென்று வந்து மறைந்துவிடும். பச்சை ஆப்பிளின் மாலிக் அமிலப் புளிப்போ நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நிற்கும். எனக்குப் பிடித்தது பின்னதுதான்.

ஆனால், சர்க்கரை இல்லாததால் பல்லுக்கு நல்லது என்று எண்ணி நாள் முழுவதும் ஒன்று மாற்றி ஒன்றாக அடக்கிக்கொண்டிருந்ததில், முன்பற்கள் கூசத் தொடங்கிவிட்டன. சொத்தையை வளர்க்கும் சர்க்கரை இல்லாவிட்டாலும், அமிலம் எனாமலை நேரடியாகவே அரிக்கும் என்று பல் மருத்துவர் விளக்கினார். சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்தே பல் துலக்கச் சொன்னார்.

இன்னொன்று: உங்கள் ஆத்தா இன்சுலின் போடுகிறவர்களாக இருந்து, திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால், அந்த நேரத்தில் இந்த மிட்டாய் உதவாது. சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

தேவகோட்டைக்காரன்:
இருவருக்கும் நன்றி. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் மால்டிட்டால்தான் முதலில் இருக்கிறது; அதிகம் உண்டால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கையும் அதற்குக் கீழேயே இருக்கிறது. ஆத்தா இன்சுலின் போடுகிறவர்கள்தான். இன்றைக்கே குளுக்கோஸ் பொடி வாங்கி, மிட்டாயோடு கலந்துவிடாமல் தனிச் சம்படத்தில் வைத்துவிட்டேன். இனி நாளுக்கு இரண்டு மிட்டாய்தான் என்று சொன்னதற்கு, டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டு, "அப்ப களாக்காய் பறிச்சுக்கிட்டு வா" என்கிறார்கள்.