கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுகிறாள்

மகளுக்கு ஆறரை வயது. ஓசூரில் இருக்கிறோம், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கிறாள். கடந்த ஜூனில் தமிழ் வாசிப்பைத் தொடங்கினோம். மரம், பாட்டி, மீன், குருவி எல்லாம் தடுமாறாமல் வருகிறது. ஒற்றைக்கொம்பு மட்டும் இருக்கும் 'பெட்டி'கூடச் சரி. ஒகர, ஓகார வரிசையில்தான் சிக்கல்.

'கொடி' என்று எழுதினால் 'கெ' என்கிறாள், நிற்கிறாள், அப்புறம் 'ஆ', 'டி'. எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி இருப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க மாட்டேன் என்கிறாள். காதால் கேட்டால் குழப்பமே இல்லை. 'கொடி'யில் முதல் எழுத்து எது என்றால் உடனே 'கொ' என்பாள். கண் பரிசோதனையும் செய்துவிட்டோம், குறை ஒன்றும் இல்லை.

மாமியார் சொன்னபடி உயிர்மெய் வரிசையை ஒப்பிக்க வைத்தேன். க முதல் கௌ வரை ராகத்தோடு வருகிறது; நடுவில் 'கோ'வைத் தொட்டுக் கேட்டால் மறுபடி 'க'விலிருந்து ஆரம்பிக்கிறாள். அரிசித் தட்டில் எழுத வைத்தேன், அழகாக எழுதுகிறாள். படக்கதை கொடுத்தால் படத்தைப் பார்த்து ஊகம்தான். 'கொக்கு' என்று அச்சிட்டிருந்த இடத்தில் 'நாரை' என்றாள், நியாயம்தான்!

ஓரளவு பலித்தது ஒன்றுதான்: பலகையில் கொம்பையும் காலையும் சிவப்பில் எழுதினால் சரியாக வாசிக்கிறாள். அதே சொல் புத்தகத்தில் கறுப்பில் இருந்தால் பழைய கதை.

இந்தச் சிவப்பிலிருந்து கறுப்பு அச்சுக்குப் பிள்ளையை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?