சிமென்ட் ஆலையில் ‘செயல்முறை உமிழ்வு’: வேறு சொல் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிமென்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘செயல்முறை உமிழ்வு’ என்ற சொல்லில் வந்து வண்டி நின்றுவிட்டது. தவறான சொல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆலையில் நடப்பதெல்லாம் செயல்முறைதானே, நிலக்கரி எரிப்பது உட்பட?

சொல்ல வேண்டிய விஷயம் இது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லே கரியமில வாயுவை விடும். 100 கிலோ தூய கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோதான் மிஞ்சும். சிமென்ட் ஆலையின் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்து வருவது. உலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு அப்படியே இருக்கும். ‘கரி எரிப்பதை நிறுத்தினால் போதாதா?’ என்று கேட்பவருக்குச் சொல்லிலேயே பதில் இருந்தால் நல்லது.

சிறுவயதில் எங்கள் ஊர்க் காளவாயில் கிளிஞ்சல் சுடுவார்கள். ஆறிய பிறகு ஒன்றை எடுத்துப் பார்த்தால் வரி, வளைவு எதுவும் மாறியிருக்காது; கையில் மட்டும் கனமே இருக்காது. (தொட்டதற்குத் திட்டு விழும், அது வேறு கதை.) அந்த நினைவில் ‘நீற்றுமிழ்வு’ என்று வைத்தேன். சரிவருமா?

* * *

> ‘நீற்றுமிழ்வு’ என்று வைத்தேன். சரிவருமா?

அண்ணா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நீற்றுவது என்றால் எங்கள் பக்கம் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விடுவது. அப்போது புகை மாதிரி எழுவது நீராவிதான். கரியமில வாயு அதற்கு முன்பே, சுடும்போதே போய்விட்டது. ‘புடம்’ என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது மருந்துக் கடையிலேயே இருக்கட்டும்.

நான் அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் கில்ன் (பெரிய சுழல் உலை) பிரிவில் இருக்கிறேன். கல் வாயுவை விடுவதில் பெரும்பகுதி கில்னுக்குள் போவதற்கு முன்பே, கால்சினர் என்கிற முன்னுலையில், 900 டிகிரி வாக்கில் முடிந்துவிடும். கில்னில் 1450 வரை ஏற்றுவது கிளிங்கர் உருண்டை கட்டுவதற்கு; அதை அரைத்தால்தான் சிமென்ட்.

அப்புறம் இன்னொன்று. போன வாரம் நீங்கள் அனுப்பிய வரைவில் கிளிங்கரைக் ‘கிட்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இரும்பு உலையில் மிஞ்சுகிற கசடும் கிட்டம்தான். அந்தக் கசடை அரைத்துச் சிமென்டில் கலப்பதே கிளிங்கரைக் குறைக்கத்தான். உங்கள் சொல்லை வைத்தால் ‘கிட்டத்தைக் குறைக்கக் கிட்டம் சேர்த்தார்கள்’ என்று அச்சாகும்! கிளிங்கர் என்றே விடுங்கள். இங்கே லாரி ஓட்டுநருக்கும் தெரிந்த சொல்.

* * *

தம்பி சொன்னது சரி. நீற்றுமிழ்வையும் கிட்டத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தனிமடலில் ஒருவர் ‘கல்லுமிழ்வு’ என்றார். சுருக்கமான சொல், ஆனால் எனக்கு எரிமலைதான் கண்ணில் வருகிறது. இப்போதைக்கு ‘எரிபொருள் உமிழ்வு’, ‘மூலப்பொருள் உமிழ்வு’ என்று இரண்டையும் ஜோடியாக வைத்திருக்கிறேன். இரண்டாவது கொஞ்சம் தட்டையான சொல்தான். ஆனாலும் வாயு எங்கிருந்து வருகிறது என்பது அதில் இருக்கிறது. அனல்மின் நிலைய உலைச் சாம்பல் கலந்த சிமென்டை விளக்கும்போதும் கைகொடுத்தது. நம் நாட்டுத் தரப்படி அதில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம். அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைகிறது. சுட வேண்டிய கல்லும் குறைகிறது, அதைச் சுடும் கரியும் குறைகிறது. இரண்டு உமிழ்வும் ஒரே மூட்டையில் இறங்குவதை ஒரே வரியில் சொல்ல முடிந்தது.

ஒரு சொல் பாக்கி. சிமென்டில் கிளிங்கர் எவ்வளவு என்பதற்குக் ‘கிளிங்கர் காரணி’ என்று வைத்திருந்தேன். காரணி என்றதும் எதற்குக் காரணம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ‘கிளிங்கர் பங்கு’ என்று மாற்றப் போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிறு அன்று கட்டுரை போய்விடும்.