ஃப்யூல் தீரப் போகுதுன்னு பைலட் சொல்லியும் இறக்கலன்னா தப்பு யார் மேல?

ஜன்னல்சீட்டு:
2025 ஜூன்ல குவாஹாத்தில இருந்து வந்த ஃபிளைட் ஒண்ணு சென்னைல இறங்க முடியாம பெங்களூருக்குப் போய் ‘மேடே’ன்னு ஆபத்து அழைப்பு குடுத்து இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? பைலட் ரெண்டு பேரையும் டியூட்டில இருந்து எடுத்துட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு. எங்க வீட்ல இதுக்கு இன்னும் சண்டை ஓயல, மச்சான் பைலட் தான் கணக்கு தப்பிட்டார்ங்கறார், நான் கீழ இருக்கற கண்ட்ரோலருங்க வானத்துலயே சுத்த விட்டா அவர் என்ன பண்ணுவார்ங்கறேன். பொதுவா இதுல யாரைக் கேள்வி கேக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_ரேடார்:
தம்பி, சென்னை மேட்டர்ல நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா 1990 ஜனவரி 25 அவியாங்கா 52 கேஸைப் படிச்சா உங்க ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும். கொலம்பியால இருந்து நியூயார்க் கென்னடி ஏர்போர்ட்டுக்கு வந்த போயிங் 707. வானிலை மோசம், மூணு இடத்துல வட்டம் போட வச்சாங்க, 19 நிமிஷம், 29, மறுபடி ஒரு 29, ஆக மொத்தம் 1 மணி 17 நிமிஷம். மூணாவது வட்டத்துல தான் கோ-பைலட் ‘ப்ரையாரிட்டி வேணும்னு நினைக்கிறேன்’னு இழுத்தார். மாத்து ஏர்போர்ட் பாஸ்டன், ஆனா இப்ப அங்க போனா ஃப்யூல் தீந்துடும்னும் சொன்னார், அந்த பாஸ்டன் சமாச்சாரம் அடுத்த கண்ட்ரோலருக்குப் போய்ச் சேரவே இல்ல.

முதல் தடவை இறங்கப் பாத்து காத்து தள்ளி முடியல. கேப்டன் ஸ்பானிஷ்ல ‘எமர்ஜென்சின்னு சொல்லு’ங்கறார். கோ-பைலட்டோ டவர் குடுத்த ஹெடிங்கை, அதாவது போக வேண்டிய திசையைத் திருப்பிச் சொல்லிட்டு கடைசில ஒட்டு போட்ட மாதிரி ‘ஃப்யூல் தீருது’ன்னாரு. சொன்னியான்னு கேப்டன் கேக்க, சொல்லிட்டேன் சார்னுட்டார். கண்ட்ரோலர் 15 மைல் வடகிழக்கா கூட்டிட்டுப் போய் திருப்பிக் கொண்டு வர்றேன், ஃப்யூல் தாங்குமான்னே கேட்டாரு. பதில் என்ன தெரியுமா, ‘ஐ கெஸ் ஸோ, தேங்க்யூ வெரி மச்’. கொஞ்ச நேரத்துல இன்ஜின் நின்னு லாங் ஐலண்ட்ல கோவ் நெக்ல விழுந்துச்சு. 158 பேர்ல 73 பேர் போயிட்டாங்க. டேங்க் காலி, அதனால தீ கூடப் பிடிக்கல.

மேடே_மாமா:
ரேடார் அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேத்துக்கறேன். விசாரணைல முதல் காரணம் பைலட்டுங்க தான்னு எழுதுனாங்க, ஃப்யூலைச் சரியா பாத்துக்கல, எமர்ஜென்சின்னு சொல்லல. ஆனா கூடவே ட்ராஃபிக்கை ஒழுங்குபடுத்தாததும், ஃப்யூல் கம்மின்னா எந்த வார்த்தை சொல்லணும்னு பொது வழக்கு இல்லாததும் துணைக் காரணம்னாங்க. இப்ப அந்தக் குழப்பம் இல்ல. 2012ல இருந்து உலக அளவுல ரெண்டே வார்த்தை. ‘மினிமம் ஃப்யூல்’னா இனிமே சுத்த விட்டா ரிசர்வுல கை வச்சுத்தான் இறங்கணும், ஆனா இன்னும் எமர்ஜென்சி இல்ல. ‘மேடே மேடே மேடே ஃப்யூல்’னா இறங்கும்போது ரிசர்வ் குறைஞ்சிருக்கும், வழிய விடு. ஜெட்டுக்கு அந்தக் கடைசி ரிசர்வ் 30 நிமிஷம். பைக்ல ரிசர்வ் விழுந்ததும் நம்மாளு இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடும்னு ஓட்டுவானே, அந்த வேலை இங்க ஆகாது.

ஊர்க்குருவி:
அதெல்லாம் சரி, எல்லாத்துக்கும் கண்ட்ரோலரைத் திட்டறதை நிறுத்துங்கப்பா. 2016ல பிரேசிலோட சாபெகோயென்சே ஃபுட்பால் டீம் போன லாமியா கம்பெனி ஃபிளைட் கொலம்பியால மெடஜின் பக்கத்துல ஃப்யூல் தீந்து விழுந்து 71 பேர் செத்தாங்க. பிளான்லயே பறக்கற நேரமும் ஃப்யூல் தாங்கற நேரமும் ஒண்ணு, 4 மணி 22 நிமிஷம்! ஓட்டுன கேப்டனே கம்பெனில ஒரு பங்குதாரர். கடைசி சில நிமிஷம் வரைக்கும் ஃப்யூல் எமர்ஜென்சின்னு வாயைத் தொறக்கல. கடைசில மிரட்டல் யாருக்கு வந்துச்சு, அன்னைக்கு ரேடியோல இருந்த கண்ட்ரோலர் அம்மாவுக்கு.

ஜன்னல்சீட்டு:
யப்பா, அந்த 4:22 மேட்டர் புதுசு. ரேடார் அண்ணே, ஒரே ஒரு டவுட்டு, ‘மினிமம் ஃப்யூல்’னு சொன்னா க்யூல முன்னாடி விடுவாங்களா?

பழைய_ரேடார்:
விட மாட்டாங்க தம்பி. எவ்ளோ லேட் ஆகும்னு சொல்லுவாங்க, அடுத்த கண்ட்ரோலருக்கும் கடத்துவாங்க. க்யூவை உடைக்கணும்னா மேடே தான். மச்சான்கிட்ட இதையும் சொல்லிடு.