உருளி அடியைச் சுரண்டிக் கொடுத்த பலாப்பழ அல்வா: உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

தேவனாம்பட்டினத்தான்:
போன ஆனி மாதம். பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும்போது, நெல்லிக்குப்பத்துக்கு முன்னாலேயே, ரோட்டோரம் கீற்றுக் கொட்டகையில் ஒரு அம்மா பலாப்பழ அல்வா விற்றுக்கொண்டிருந்தார். சீசனில் அந்த ரோடு எப்படி மணக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அல்வா நல்ல கரும்பழுப்பு. வாய் சும்மா இருக்காமல், "கலருக்கு என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலே சொல்லவில்லை. உள்ளே போய், காலையில் கிண்டிய உருளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து என் முன்னால் டங்கென்று வைத்தார். கரண்டி விளிம்பால் அடியைச் சுரண்டி, ஒட்டியிருந்ததை ஏடு மாதிரி உரித்து என் உள்ளங்கையில் வைத்து, "இந்தக் கலர்தான் தம்பி" என்றார். ஓரத்தில் லேசாகத் தீய்ந்த கசப்பு, அப்புறம் வெல்லம், எல்லாம் இறங்கிய பிறகு மெதுவாகப் பழம். சுளை நார் ஒன்று கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டு வீடு வரும்வரை போகவில்லை. அரைக் கிலோ வாங்கினேன், பேரம் பேசவில்லை. ஆனால் தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன்.

லாஸ்பேட்டை அக்கா:
நீங்கள் கேள்வி மட்டும்தான் கேட்டீர்கள், நான் சண்டையே போட்டேன். ஆரோவில் பக்கம் சின்னதாகச் சாக்லேட் செய்கிற இடம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கோகோ கொட்டையை வாங்கி அவர்களே வறுத்து அரைக்கிறார்கள். 70 சதவீதக் கோகோ பார் ஒன்று வாங்கினேன். நாலு நாள் கழித்துப் பிரித்தால் மேலே வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சைக்காளான் பிடித்ததை விற்கிறீர்களா என்று அங்கேயே போய்க் கத்தினேன், பின்னால் வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் நிற்கிறார்கள். அந்தப் பெண் பாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, வண்டி சீட்டுக்கு அடியில வச்சிருந்தீங்களா?" என்றாள். வைத்திருந்தேன்! மே மாதம், மார்க்கெட் வாசலில் ஒரு மணி நேரம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடுமாம், மறுபடி தானாக இறுகும்போது கொழுப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்குமாம், கெட்டுப்போனதே இல்லையாம். பதமாக ஆற்றியது எப்படி இருக்கும் என்று புதுசு ஒன்றை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தாள். டக். என்னுடையதை உடைத்தால் மண்கட்டி மாதிரி சத்தமே இல்லாமல் உதிர்ந்தது. இப்போதும் சாக்லேட்டைப் பார்த்தால் முதலில் உடைத்துக் காதில்தான் வைக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

உண்மை விளம்பி:
முதல் பதிவு போட்டவருக்கு: கலர் போடுகிறீர்களா என்று கேட்டதில் என்ன தப்பு? காசு கொடுப்பவன் கேட்கத்தான் செய்வான். மரக்காணம் பக்கம் ஒருவர் 'பனை ஏறுகிறவரின் சொந்தக்காரர்' என்று சொல்லிக் கொடுத்த கருப்பட்டியை வாங்கி மூன்று மாதம் காபி குடித்தவன் நான், பாதிக்கு மேல் சீனி. அதனால் சொல்கிறேன், கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று மினுங்கினால் வாங்காதீர்கள். தண்ணீரில் போட்டால் நிதானமாகக் கரைய வேண்டும். பாக்கெட் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்குக் கூட எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபரில் விதி வந்தது, எத்தனை பேர் கேட்டோம்? நெய் என்று சொன்னால் உள்ளங்கையில் தேய்த்து மோந்து பாருங்கள். முந்திரி போட்டிருந்தால் முழுசா, உடைசலா என்று பார்த்து விலை பேசுங்கள். 320 நம்பர் முந்திரி என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரை நிற்கும், எண் ஏற ஏறப் பருப்பு சின்னது, இது கூடத் தெரியாமல் பண்ருட்டியில் போய் ஏமாறுகிறார்கள்.

முத்தியால்பேட்டை:
அண்ணே, கீற்றுக் கொட்டகையில் தேதி எழுதிய போர்டை எங்கே மாட்டுவது, பலாமரத்திலா? உருளியையே தூக்கிக் காட்டியிருக்கிறார், அதை விடவா உரிம எண்? சரி, என் கதை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு மட்டும் விவிக்கம் செய்வார், புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், மைதா இல்லை, ரவை கேக். ரம்மில் ஊறிய பழம், முட்டை, வெண்ணெய், முந்திரி எல்லாம் உண்டு. ஒரு வருஷம் தட்டு வந்த நேரம் ஹாலில் ஆச்சி மட்டும். வெங்காயம் கூட யோசித்துச் சாப்பிடுகிற ஆச்சி. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டு துண்டு காலி, மூன்றாவது கையில். "லேசா மருந்து வாசம் அடிக்குதுடா, ஆனா தொண்டைக்கு இதமா இருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மார்கழியில் அவராகவே, "அந்த மருந்துக் கேக்கு இன்னும் வரலியா?" என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது ஆச்சி இல்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று டிசம்பர் வந்தால் தோன்றும்.

தேவனாம்பட்டினத்தான்:
ஆச்சிக்குத் தெரிந்துதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். விளம்பி அண்ணே, கேட்டது தப்பில்லை, கேட்ட தொனிதான் தப்பு. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆவணியில் போனேன், கொட்டகை இல்லை, சீசன் முடிந்துவிட்டது. டப்பா மூடியில் அவர் பேனாவால் எழுதிக் கொடுத்த போன் நம்பரில் கடைசி இரண்டு எண் நெய் பட்டு அழிந்திருக்கிறது. 00-லிருந்து வரிசையாகப் போட்டுப் பார்க்கிறேன். 11 வரை வந்தாயிற்று. 07 விழுப்புரத்தில் ஒரு டயர் கடை.